கவிழ்த்துப் பார்ப்பவர்கள்

மியூனிக் நகரில் பணிபுரியும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் நான்கு புகைப்படங்களை அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடும் பழம்பொருள் சந்தைகளில் சுற்றுவது அவருடைய வழக்கம். அப்படிச் சுற்றியதில் நான்கு பீங்கான் பொம்மைகளை வாங்கியிருக்கிறார். எனக்குப் பீங்கான் பித்து உண்டு என்பது எங்கள் வட்டத்தில் பழைய கேலி. ஆகவே, ‘இவை எந்தக் காலத்தவை, இப்போது என்ன விலை போகும்?’ என்று கேட்டிருந்தார்.

படங்களைத் திறந்தேன். நான்கும் அடிப்பாகத்தின் படங்கள். ஒன்றில் நீலநிறத்தில் குறுக்காக வைத்த இரண்டு வாள்கள், அவற்றின் மேல் இரண்டு கீறல்கள். இரண்டாவதில் ஒரு கிரீடமும் ‘ட்ரெஸ்டன்’ என்ற சொல்லும். மூன்றாவதில் ஒரு தேனீ. நான்காவதில் ஒட்டுத்தாளைப் பாதி உரித்த தடத்துக்கு அடியில் ஏதோ ஒரு சிறு குறி. ‘பொம்மைகளையும் அனுப்புங்கள்’ என்று எழுதினேன். ‘அனுப்பியிருக்கிறேனே’ என்று உடனே பதில் வந்தது.

அந்த ஒரு வரிக்கு மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நண்பரை நான் குறைசொல்லவில்லை. பழைய பீங்கான் பொம்மைகளைப் பற்றி இன்று கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை அவருக்குக் கற்பித்ததை அவர் செய்தார். பொருளை எடு, கவிழ், முத்திரையைப் பார், அகராதியில் தேடு, விலையைப் படி. இந்த ஐந்து கட்டளைகளுக்குள் பொம்மையைப் பார்ப்பதற்கென்று ஒரு கட்டளை இல்லை. இதை ரசனை என்றும் நிபுணத்துவம் என்றும் சொல்லி விற்கிறார்கள். இது இரண்டுமல்ல என்பதே என் தரப்பு. கவிழ்த்துப் பார்ப்பவரால் ஒரு பொம்மையைச் சரியாக அடையாளம் காணவும் முடியாது, அதன் மதிப்பை அறியவும் முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு நூலின் காலத்தைக் கணிக்க அகச்சான்று, புறச்சான்று என்று இரண்டு உண்டென்பதை நாம் அறிவோம். அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு, பெயரை நம்பிக் காலம் குறித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நூலின் மொழி என்ன சொல்கிறது, யாப்பு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே ஆசிரியர் பெயருக்கு வருகிறோம். பீங்கானிலும் அப்படித்தான். அடியிலுள்ள முத்திரை புறச்சான்று. மண்ணும் மெருகும் விரல்களும் அகச்சான்று. ஆனால் இந்தத் துறையின் கையேடுகள் முதலில் வைப்பது புறச்சான்றை. பல வேளைகளில் அதை மட்டுமே.

*

முதல் படத்திலுள்ள வாள்களிலிருந்து தொடங்குகிறேன். உலகில் மிக அதிகமாகப் போலிசெய்யப்பட்ட பீங்கான் முத்திரைகளில் ஒன்று அது.

சீனர்களும் ஜப்பானியர்களும் செய்த வன்பீங்கானின் ரகசியம் ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. சாக்ஸனியின் ஆட்சியாளரும் போலந்தின் மன்னருமான அகஸ்டஸுக்குப் பீங்கான் மேல் இருந்த மோகத்துக்கு ஒரு கணக்கே சாட்சி. 1717-இல் அவர் பிரஷ்ய மன்னருக்குத் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்து 151 சீனப் பீங்கான் கலன்களைப் பெற்றுக்கொண்டார். பொன் செய்யத் தெரியும் என்று சொல்லித் திரிந்த யோகான் ஃப்ரீட்ரிக் பியோட்கர் என்ற இளைஞனைப் பிடித்துக் காவலில் வைத்திருந்தவரும் இதே அகஸ்டஸ்தான். பொன் வரவில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து அந்தக் கைதி 1708-இல் வெண்பீங்கானைக் கண்டடைந்தான். 1710-இல் மைஸன் ஆலை நிறுவப்பட்டது. ஐரோப்பாவின் முதல் வன்பீங்கான் ஒரு சிறைவாசியின் கையிலிருந்து வந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ரகசியம் நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே வியன்னாவில் போட்டி ஆலை எழுந்தது. 1720-களின் தொடக்கத்தில், தன் பொருளைப் பிறர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக மைஸன் சாக்ஸனியின் அரச சின்னத்திலிருந்து வாள்களை எடுத்து அடியில் தீட்டத் தொடங்கியது. கலைஞன் தன் படைப்பில் இடும் கையொப்பம் அல்ல அது. உடைமையாளர் மாட்டுக்கு வைக்கும் சூடு போன்றது. சூடு வைக்கத் தெரிந்தவன் எவனும் அதை வைக்கலாம். வைத்தார்கள். இங்கிலாந்தின் வூஸ்டர், டெர்பி ஆலைகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தங்கள் பொருள்களில் குறுக்குவாள்களைத் தீட்டின. பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் நூறாண்டுக்கும் மேலாக மைஸன், செல்ஸி, சீனப் பீங்கான் என்று எல்லாவற்றின் படிகளையும் செய்து குவித்தது. வாள்களைப் போலத் தோன்றும் குறிகளை அவற்றின் அடியில் இட்டது. இத்தாலியில் கபோதிமோன்தே என்று சொல்லி விற்கப்படும் பொம்மைகளின் அடியில் ‘என்’ எழுத்தும் கிரீடமும் இருக்கும். 1743 முதல் 1759 வரை மட்டுமே இயங்கிய மூல ஆலையின் குறி அல்லிமலர். கிரீடமிட்ட எழுத்து அதற்குப் பின்வந்த நேப்பிள்ஸ் ஆலையுடையது. அதையும் பிற்காலத்தில் யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது போலியால் வருவதல்ல, உண்மையால் வருவது. 1731-இல் மைஸனில் சேர்ந்து 1775-இல் இறக்கும்வரை அங்கே பணியாற்றிய யோகான் யோவாகிம் கெண்ட்லர்தான் ஐரோப்பியப் பீங்கான் பொம்மை என்ற கலையை உருவாக்கியவர். அரசவை விருந்துகளில் மேசைமேல் சர்க்கரைப் பாகில் பொம்மைகள் செய்து அடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தச் சர்க்கரை பொம்மைகளின் இடத்தில் பீங்கான் கோமாளிகளையும் இடையர்களையும் குரங்கு வாத்தியக் குழுவையும் வைத்தவர் அவர். அந்த வடிவங்களை மைஸன் இன்றும் செய்துகொண்டிருக்கிறது. 1750-இல் செய்த கோமாளியும் 1880-இல் செய்த அதே கோமாளியும் 1990-இல் செய்த அதே கோமாளியும் மூன்றுமே அசல் மைஸன். மூன்றின் அடியிலும் அசல் வாள்கள். வாள்களின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது உண்மைதான். 1774-இலிருந்து நாற்பதாண்டுகள் ஒரு விண்மீன் சேர்ந்தது, 1924-இலிருந்து பத்தாண்டுகள் வாள்நுனிகளுக்கிடையே ஒரு புள்ளி இருந்தது. ஆனால் விண்மீன் தீட்டத் தெரியாத போலிக்காரன் எங்கே இருக்கிறான்?

என் நண்பரின் படத்தில் வாள்களின் மேல் இருந்த கீறல்கள், ஆலையே அந்தப் பொருளை இரண்டாம் தரமென்று ஒதுக்கியதற்கான அடையாளம். கையேட்டில் தேடியிருந்தால் இது அவருக்கும் கிடைத்திருக்கும். ஆனால் அதே அடிப்பாகத்தில், வாள்களுக்குச் சற்றுத் தள்ளி, மண் ஈரமாக இருக்கும்போது அழுத்திப் பதித்த சிறு எண் ஒன்றும் இருந்தது. அச்சிலிருந்து எடுத்த தலையையும் கைகளையும் உடலோடு ஒட்டி உருவாக்கிய தொழிலாளியின் எண் அது. அந்த ஒருவருடைய கை இந்தப் பொம்மையின் ஒவ்வொரு விரலிலும் இருக்கிறது. விலைக் கையேடுகளில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. கவிழ்த்துப் பார்ப்பவர்கள் கவிழ்த்ததையாவது முழுமையாகப் பார்க்கிறார்களா என்றால், அதுவும் இல்லை.

*

பிறகு எப்படித்தான் பார்ப்பது? பார்க்கலாம். மறைபொருள் எதுவும் இதில் இல்லை.

வன்பீங்கான் சூளையில் ஏறத்தாழ 1,400 பாகை செல்சியஸ் வரை போகிறது. அந்த வெப்பத்தில் மண் இளகும். ஈரமண்ணில் செய்த உருவம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். இந்த இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பொம்மையின் முன் உட்காருங்கள். இடையன் ஏன் மரக்கட்டையில் சாய்ந்து நிற்கிறான் என்பது விளங்கும். அவனுடைய இரு மெல்லிய கால்கள் சூளையில் அவன் உடலைத் தாங்க மாட்டா. அந்த மரக்கட்டை கவிதைக்காக வைத்ததல்ல, அவன் விழாமலிருக்க வைத்தது. நல்ல சிற்பி அந்தக் கட்டாயத்தை மறைத்து, சாய்வை ஓர் ஓய்வாக மாற்றிவிடுகிறான். மோசமான சிற்பியின் பொம்மையில் மரம் தனியாகவும் மனிதன் தனியாகவும் நிற்பார்கள். இந்த வேறுபாட்டைக் காண முத்திரை அகராதி எதற்கு?

சுருக்கமும் அப்படித்தான். ஒருவர் பழைய பொம்மையொன்றை வாங்கி அதன் மேலேயே அச்சு எடுத்துப் படி செய்தால், அந்தப் படி சூளையில் மறுபடியும் சுருங்கும். ஆகவே படி மூலத்தைவிடச் சிறியதாக இருக்கும். முகத்தின் கூர்மை மழுங்கியிருக்கும், துணிமடிப்புகள் ஆழம் இழந்திருக்கும். அடியில் எத்தனை நேர்த்தியான வாள்களைத் தீட்டினாலும் ஒரு அளவுகோல் பொய்யை வெளியே கொண்டுவந்துவிடும். உடைந்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. வன்பீங்கானின் உடைவு கண்ணாடியைப் போல வழவழப்பாக மின்னும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மென்பீங்கான் சர்க்கரைக் கட்டியைப் போலப் பொருபொருவென்று உடையும். வாள்முத்திரையிட்ட பொம்மையின் உடைவு சர்க்கரையைப் போல இருந்தால் அது மைஸன் அல்ல, முடிந்தது விவகாரம். பழுதுபார்த்து வண்ணம் பூசிய இடம் விரலுக்குச் சற்றே வெதுவெதுப்பாகப் படும், புற ஊதா விளக்கின் கீழ் வேறு நிறத்தில் ஒளிரும். பீங்கான் எப்போதும் குளிர்ந்தது.

இது பணக்காரர்களுக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் உரிய அறிவு என்று சிலர் சொல்லக்கூடும். என் பாட்டியின் கொலுப்பெட்டியில் மூன்று பீங்கான் பொம்மைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இந்தியச் சந்தைக்கென்றே கிருஷ்ணனும் சரஸ்வதியும் பீங்கானில் செய்து அனுப்பினார்கள், அப்படி வந்தவை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அடியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் பழைய வேட்டித்துணியிலிருந்து பிரித்துக் கையில் எடுத்ததுமே, இது ஜெர்மன், இது ஜப்பான் என்று சொல்லிவிடுவார். எடை, மெருகு, கன்னத்தில் ஏற்றிய சிவப்பு. ஆண்டுக்கு ஒன்பது நாள் வீதம் ஐம்பதாண்டுகள் பார்த்த கண் அது. கையேடு வாங்கக் காசு வேண்டும். பார்ப்பதற்குப் பொறுமை போதும்.

*

இரண்டாவது படத்தில் இருந்தது கிரீடமும் ‘ட்ரெஸ்டன்’ என்ற சொல்லும். மைஸன் பீங்கானை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் ‘ட்ரெஸ்டன் சைனா’ என்றே அழைத்தார்கள், அண்டையிலிருந்த தலைநகரின் பெயரால். இந்தக் குழப்பத்தில் ஒரு தொழிலே வளர்ந்தது. ட்ரெஸ்டன் நகரின் ஓவியப் பட்டறைகள் வேறு ஆலைகளிலிருந்து வெள்ளைப் பீங்கானை வாங்கி மைஸன் பாணியில் வண்ணம் தீட்டி விற்றன. ஹெலேனா வொல்ஃப்சோனின் பட்டறை அகஸ்டஸ் மன்னரின் பெயரெழுத்துகளையே முத்திரையாக இட்டுவந்து, மைஸன் வழக்குத் தொடுத்த பிறகு அதைக் கைவிட்டது. 1883-இல் நான்கு பட்டறைகள் சேர்ந்து இந்த நீலக் கிரீடத்தைப் பதிவுசெய்தன. ஆகவே அந்த முத்திரை அசல். அது குறிக்கும் ஊரும் அசல். ஆனால் மைஸன் என்று நினைத்து வாங்கியவர் ஏமாந்தார்.

இங்கே கவிழ்த்துப் பார்ப்பவர்களின் அடுத்த தவறு வெளிப்படுகிறது. ‘அப்படியானால் இது மட்டம்’ என்று அவர்கள் உடனே முடிவுகட்டுவார்கள். ஏன்? அந்தப் பட்டறைகளில் சிலவற்றின் பூவேலை, அதே காலத்து மைஸனின் சலிப்பூட்டும் மறுபதிப்புகளைவிட உயிருள்ளது. பெயரை நம்பி உயர்த்தியவர் பெயரை நம்பியே தாழ்த்துகிறார். இரண்டு தடவையும் அவர் பொம்மையைப் பார்க்கவில்லை.

*

தேனீயின் கதை வருத்தமானது. பெர்டா ஹும்மெல் என்ற ஓவியர் பவேரியாவில் 1909-இல் பிறந்தவர். துறவு பூண்டு மரியா இன்னொசென்சியா ஆனார். அவர் வரைந்த குழந்தைகளின் படங்களை வைத்து கோபெல் நிறுவனம் 1935-இல் பொம்மைகளை வெளியிட்டது. நாஜிகளுக்கு அந்தக் குழந்தைகளைப் பிடிக்கவில்லை; அவர்கள் கேட்ட ஆரியச் சிறுவர்களைப் போல அவை இல்லை. அவருடைய மடத்தை 1940-இல் அரசு பறித்துக்கொண்டது. காசநோயால் 1946-இல், 37 வயதில் இறந்தார். போருக்குப் பின் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இந்தப் பொம்மைகளை ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். ஹும்மெல் என்றால் ஜெர்மன் மொழியில் ஒரு வகைத் தேனீ. அவர் நினைவாக 1950 முதல் முத்திரையில் தேனீ சேர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விலைக் கையேடுகளின் பொற்காலம். தேனீ பெரிதாக இருந்தால் ஒரு விலை, சிறிதாக இருந்தால் ஒரு விலை, தேனீக்கு முந்தைய கிரீடம் இருந்தால் அதைவிட மேல். பதிப்புக்குப் பதிப்பு விலை ஏறியது. நடுத்தர அமெரிக்கக் குடும்பங்கள் இதைப் பேரக்குழந்தைகளுக்கான சேமிப்பு என்று நம்பிக் கண்ணாடி அலமாரிகளை நிறைத்தன. 1995-இல் ஈபே வந்தது. அரிது என்று ஒவ்வொரு வீட்டிலும் பூட்டி வைத்திருந்தது ஆயிரக்கணக்கில் ஒரே திரையில் தோன்றியது. சேர்த்த தலைமுறை முதுமையடைந்து விற்க வந்தபோது வாங்கும் தலைமுறை இல்லை. விலை சரிந்தது. கோபெல் 2008-இல் ஹும்மெல் செய்வதை நிறுத்தியது. பின்னர் வேறு நிறுவனம் தொடர்ந்தது. இத்தனைக்கும் அவை பீங்கானே அல்ல, நுண்களிமண்ணில் செய்து சுட்ட மண்பாண்ட வகை. இந்த எளிய உண்மைகூடத் தெரியாமல் பீங்கான் சேகரிப்பாளர் என்று தன்னை அழைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

விலை என்பது, நேற்று ஒருவர் கொடுத்த தொகையைப் பற்றிய செய்தி. நாளை இன்னொருவர் அதைக் கொடுப்பார் என்ற வதந்தி. அவ்வளவுதான். மதிப்பு வேறு. தமிழில் இவ்விரு சொற்களும் தனித்தனியே இருப்பது நம் நல்லூழ். ஆனால் பழம்பொருள் பற்றிப் பேசும்போது நாமும் ‘இதன் மதிப்பு என்ன?’ என்று கேட்டுவிட்டு விலையைப் பதிலாகப் பெற்றுக்கொள்கிறோம். ஹும்மெல் குழந்தைகளின் விலை போய்விட்டது. அவற்றை வரைந்த பெண் எத்தகைய காலத்தில் எத்தகைய குழந்தைகளை வரையத் துணிந்தாள் என்பது போகவில்லை. விலைக்காக வாங்கியவர்கள்தான் ஏமாந்தார்கள். அந்த முகங்களைப் பிடித்துப்போய் வாங்கியவருக்கு ஓர் இழப்பும் இல்லை.

*

என் தரப்புக்கு இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: ‘தொடக்கநிலையாளருக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டாமா? முத்திரை ஒரு நுழைவாயில்தானே?’ நியாயமான கேள்வி. முத்திரையைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1891-க்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னது. ஜப்பானியப் பொருள்களில் ‘நிப்பான்’ என்பது 1921-க்குப் பின் ‘ஜப்பான்’ ஆயிற்று. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றிருந்தால் அது 1952-க்குள் நின்றுபோன ஆக்கிரமிப்புக் காலத்துக்கு உரியது. இவையெல்லாம் பயனுள்ள தடயங்கள். ஆனால் தடயம் சாட்சிக்கூண்டில் கடைசியாக ஏறவேண்டும். பொம்மை சொல்வதோடு முத்திரை சொல்வது பொருந்தினால் ஏற்கலாம். பொருந்தாவிட்டால் பொம்மையைத்தான் நம்பவேண்டும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது: ‘அரசவை விருந்துமேசைக்குச் செய்த பொம்மைகள் இவை. இவற்றின் அழகைப் பற்றி இத்தனை பேசுவதே ஒரு மேட்டிமை இல்லையா? விலை என்பதாவது எல்லோருக்கும் பொதுவான அளவுகோல்.’ இதற்குப் பதிலாக ஒரு சேகரிப்பின் கதையைச் சொல்கிறேன். ட்ரெஸ்டனில் வங்கியாளராக இருந்த குஸ்தாவ் ஃபொன் க்ளெம்பெரர் மிகச்சிறந்த மைஸன் சேகரிப்பொன்றை உருவாக்கினார். யூதக் குடும்பம். அவர் 1926-இல் இறந்தார். 1938-இல் குடும்பம் நாட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. சேகரிப்பை நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து எடுத்தவற்றில் ஒரு பகுதியை 1991-இல் அருங்காட்சியகம் குடும்பத்திடம் திருப்பித் தர, குடும்பம் அவற்றில் பெரும்பாலானவற்றை அதே அருங்காட்சியகத்துக்கே கொடையளித்தது. பின்னர் அங்கே கண்டெடுத்த உடைந்த துண்டுகளும் தீயில் கருகியவையும் 2010-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. கையேட்டின் கணக்கில் தலையில்லாத பொம்மைக்கு விலை இல்லை. ஆனால் அந்தத் துண்டுகளை வாங்க ஆட்கள் போட்டியிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவானது என்ற அளவுகோல் அங்கே என்ன ஆயிற்று? அவர்கள் வாங்கியது முத்திரையை அல்ல. அந்தப் பொருளுக்கும் அதை வைத்திருந்த மனிதர்களுக்கும் நேர்ந்ததை. விலை அன்று தற்செயலாக மதிப்பின் பின்னால் ஓடியது.

*

இனி நான்காவது படம்.

ஒட்டுத்தாளை முழுதும் உரித்து இன்னொரு படம் அனுப்பும்படி கேட்டேன். அனுப்பினார். எண்கோணத்துக்குள் மின்னல் வெட்டுப்போன்ற இரண்டு எழுத்துகள், ஒன்றோடொன்று பின்னி. அல்லாக் என்ற பெயர். ஜெர்மனியில் எஸ்.எஸ். குறிகளைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம்; அதனால் சந்தையில் விற்பவர்கள் அதன்மேல் ஏதாவது ஒட்டிவிடுவார்கள். நண்பர் அந்த ஒட்டுத்தாளை விலைச்சீட்டு என்று நினைத்திருந்தார்.

அல்லாக், மியூனிக்கின் ஓரத்தில் உள்ள பகுதி. 1935-இல் அங்கே ஒரு பீங்கான் ஆலை தொடங்கியது. மறு ஆண்டே அது ஹிம்லரின் எஸ்.எஸ். அமைப்பின் உடைமையாயிற்று. 1937-இல் டாஹௌவுக்குப் பெயர்ந்தது. போர் தொடங்கித் தொழிலாளர்கள் படைக்குப் போன பிறகு, பக்கத்து வதைமுகாமின் கைதிகள் அந்த ஆலையில் வேலைசெய்தார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்ட ஆஸ்திரியர் ஹான்ஸ் லாண்டவர் அவர்களில் ஒருவர். பிழைத்து வந்து சாட்சி சொன்னவர். அங்கே என்ன செய்தார்கள்? எஸ்.எஸ். வீரர்களின் உருவங்கள் செய்தார்கள். கூடவே மான்குட்டி, கரடிக்குட்டி, முயல், நாய், குதிரைக்குட்டி. விலங்குகளை வடித்தவர் தியோடர் கெர்னர், முன்பு நிம்ஃபன்பர்க் ஆலைக்கு வடித்துக்கொடுத்த தேர்ந்த சிற்பி.

ஆம், தேர்ந்த சிற்பி. இந்த இடத்தில் என் வாதமே என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கிறது. முத்திரையை விடு, பொம்மையைப் பார் என்று இதுவரை சொல்லிவந்தேன். இந்த மான்குட்டியை நான் பார்த்தால், அதன் முதுகின் வளைவில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. மெருகு நேர்த்தியானது. அகச்சான்று, ‘நல்ல பீங்கான்’ என்று சொல்கிறது. புறச்சான்று, ‘டாஹௌ’ என்று சொல்கிறது. அப்படியானால் கவிழ்த்துப் பார்த்தவர்தானே இங்கே சரி?

இல்லை. ஏனெனில் கவிழ்த்துப் பார்ப்பவரின் அகராதியில் இந்த முத்திரைக்கு எதிரே இருப்பது ஒரு சொல்: அரிது. அதற்கு எதிரே ஒரு தொகை. போருக்குப் பிறகு இதே விலங்கு வடிவங்கள் சிலவற்றை எஷன்பாக் ஊரின் ஆலையொன்று தன் முத்திரையில் வெளியிட்டது. அதே வடிவம், அதே வளைவு. ஆனால் அவை விலைபோவது அல்லாக் முத்திரையிட்டதற்குப் பல மடங்கு கீழே. மானுக்கு விலை இல்லையென்றால் மிச்சத் தொகை எதற்கு? அந்த இரண்டு மின்னல்களுக்கு. அதனால்தான் அல்லாக் போலிகளும் சந்தையில் உலவுகின்றன, எஸ்.எஸ். முத்திரையைப் போலிசெய்து விற்கும் அளவுக்கு அதற்குக் கிராக்கி இருக்கிறது. இந்த அகராதியை நடுநிலையானது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. முத்திரையைப் பார்த்தும் அது சொல்வதைப் படிக்காமல் விலையை மட்டும் படிக்கும் பழக்கம், கடைசியில் இங்கே வந்து சேர்கிறது.

பொம்மையைப் பார்ப்பது என்று நான் சொன்னது அதன் அழகை மட்டும் பார்ப்பதல்ல என்பதை, இந்த மான்குட்டிதான் எனக்கே தெளிவாக்கியது. யார் கை இதைச் செய்தது, எந்தச் சூளையில், எந்த நிலையில் என்று கேட்பதும் பார்ப்பதுதான். மைஸனின் அடியில் பதிந்த அந்தச் சிறு எண்ணைப் படிப்பதும் இதுதான். பியோட்கரும் சிறைவாசிதான்; ஆனால் அவனை டாஹௌவோடு ஒப்பிட மாட்டேன். மன்னர் அவனுக்குப் பின்னர் விடுதலை தந்தார், வரலாறு அவனுக்குப் பெயர் தந்தது. டாஹௌவின் மனிதர்களுக்கு எண் மட்டுமே இருந்தது. ஓர் ஆலையின் முத்திரை, செய்தவரை மறைத்து வைத்திருந்தவரின் பெயரைச் சொல்கிறது. 1722-லும் அப்படித்தான், 1942-லும் அப்படித்தான். முத்திரையை மட்டும் படிப்பவர் தன்னையறியாமல் எப்போதும் உடைமையாளரின் பக்கம் நின்றே படிக்கிறார்.

நண்பருக்குப் பதில் எழுதினேன். முதல் பொம்மையில் இடையனின் மரக்கட்டையைப் பாருங்கள், இரண்டாவதின் பூக்களைப் பாருங்கள், மூன்றாவதன் முகம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மகளிடம் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். நான்காவதற்கு விலை சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்த யாரிடமும் கேட்டுச் சொல்லவும் மாட்டேன். அது எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். விற்பதானாலும் அந்தத் தாளோடு விற்க முடியுமா என்று பாருங்கள். டாஹௌ உங்கள் வீட்டிலிருந்து புறநகர் ரயிலில் போய்வரும் தூரம்தான். அங்கே நினைவகம் இருக்கிறது, ஒருமுறை போய்வாருங்கள் என்றும் எழுதினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு படம் வந்தது. மேசைமேல் அந்த மான்குட்டி. முதன்முறையாக அதன் முகத்தைப் படம் எடுத்திருந்தார்.